ஒட்டிவைத்த எலும்பு

அந்தப் படம் இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. ஒரு மணிக்கட்டு, அதற்குள் பொருத்திய செயற்கை மூட்டு. எலும்பு முழுக்க நீலம், உலோகத் தண்டின் கழுத்தருகே கொஞ்சம் பச்சை, ஓரிடத்தில் மட்டும் மஞ்சள். சிவப்பே கிடையாது. இந்த வகைப் படங்களில் நீலம் என்றால் சுமையின் தாக்கம் குறைவு, சிவப்பு என்றால் அதிகம். அது திரையில் விரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எட்டு மாத வேலை அது. சி.டி. ஸ்கேனிலிருந்து ஒவ்வொரு எலும்பையும் தனியாகப் பிரித்தெடுத்து, மேற்பரப்பை வழவழப்பாக்கி, லட்சக்கணக்கான குட்டி நான்முகிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதன் பொருளுக்குரிய விறைப்பைக் கொடுத்து, மேலிருந்து விசையை ஏற்றிக் கிடைத்த படம். உலோகத்தில் அதிகபட்சத் தகைவு, அதாவது சுமையால் பொருளுக்குள் எழும் இறுக்கம், 140 மெகாபாஸ்கல். அந்த டைட்டானியக் கலவை நெளியத் தொடங்கவே 800க்கு மேல் வேண்டும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு பத்திரம். அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைத்தான் பெரிதாகப் போட்டேன்.

அந்தப் படத்தில் பொய் எதுவும் இல்லை. கணக்கும் சரிதான். ஆனாலும் ஒன்றரை வருஷமாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏன் என்பதை எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெளியும் என்று தோன்றுகிறது.

எட்டுக் கூழாங்கற்கள்

இடுப்பு மூட்டுக்குக் கணினி மாதிரி செய்கிற நண்பர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அங்கே ஒரு பந்து, அதற்கொரு கிண்ணம். மணிக்கட்டு அப்படியில்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற எட்டு எலும்புகள், கூழாங்கற்களைப் போல இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கியவை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதோடு உரசுகிறது, சறுக்குகிறது, திரும்புகிறது. முன்கையை ஒட்டிய வரிசையில் உள்ள ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரம் மூன்றிலும் ஒரு தசைநாண்கூட வந்து ஒட்டுவதில்லை. அவற்றை யாரும் நேரடியாக இழுப்பதே இல்லை. சுற்றியிருப்பவை தள்ளுகிற தள்ளிலும் எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்கள் பிடிக்கிற பிடியிலும்தான் அவை நகர்கின்றன. கையைக் கட்டைவிரல் பக்கம் சாய்த்தால் ஸ்கேஃபாய்ட் குனிகிறது. சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் நிமிர்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது கை சாய்வது மட்டும்தான்.

இந்த அடுக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது 1984இல் பால்மரும் வெர்னரும் வெளியிட்ட ஆய்வு. கை நேராக இருக்கும்போது மணிக்கட்டில் ஏறும் சுமையில் சுமார் 80 சதவீதம் கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ் வழியாகவும் மீதி 20 சதவீதம் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா வழியாகவும் முன்கைக்குப் போகிறது. அல்னாவை 2.5 மில்லிமீட்டர் நீட்டினால் அதன் பங்கு 42 சதவீதமாக ஏறிவிடுகிறது. அதே அளவு குறைத்தால் நாலு சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. 2.5 மில்லிமீட்டர் என்பது ஒரு தீக்குச்சியின் பருமன். லூனேட் எலும்பு ரத்த ஓட்டம் குறைந்து செத்துப்போகும் நோயை 1910இல் கீன்பாக் விவரித்தார். அந்த நோயாளிகளில் அல்னா குட்டையாக இருப்பவர்களுக்கு ரேடியஸைச் சில மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்து சுமையைத் திருப்பிவிடுகிற அறுவை சிகிச்சை இன்றும் நடக்கிறது. மில்லிமீட்டரை நம்பிக் கத்தி வைக்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு என் மாதிரியைப் பார்க்கவே பயமாக இருந்தது. சாதாரண சி.டி. ஸ்கேனில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி மட்டும் தெரியும். அந்த இடைவெளியைப் பாதியாகப் பங்கிட்டு, இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு என்று நாமே பூசிக்கொள்ள வேண்டியதுதான். லிகமென்ட்களையும் இழுத்தால் மட்டும் விறைக்கிற, தள்ளினால் தளர்ந்துவிடுகிற ஸ்ப்ரிங்குகளாக வரைந்தேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை உடற்கூறு நூல்களைப் பார்த்து, எலும்பின் மேடுபள்ளத்தைத் தடவித் தடவி முடிவுசெய்தேன்.

செயற்கை மூட்டு பொருத்தும்போது இந்தச் சிக்கல் ஒரு வகையில் குறைகிறது. முதல் வரிசை எலும்புகளில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். ரேடியஸுக்குள் ஒரு தண்டு. உள்ளங்கைப் பக்கம் மிஞ்சும் எலும்புகளின் மேல் ஒரு தட்டு. தட்டின் நடுவிலிருந்து ஒரு முளை கேப்பிடேட் எலும்புக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்க்ரூக்கள், அவற்றில் சுண்டுவிரல் பக்கத்து ஸ்க்ரூ ஹேமேட் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் யானைத் தந்தத்தில் செய்து பொருத்தியதுதான் முதல் செயற்கை மணிக்கட்டு என்பார்கள். தந்தம் போய், சிலிகான் வந்து, அதுவும் போய், இப்போது உலோகமும் பாலிஎத்திலீனும். இத்தனைக்குப் பிறகும் அதிகம் தொல்லை கொடுப்பது உள்ளங்கைப் பக்கத் தட்டுதான்.

சிவப்புப் புள்ளி

பொருள்களின் விறைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பின் கெட்டியான வெளிச்சுவரின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 15 முதல் 20 கிகாபாஸ்கல். உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்புக்குப் பெரும்பாலும் ஒன்றுகூடத் தேறாது. நான் பயன்படுத்திய டைட்டானியக் கலவைக்கு 110. கோபால்ட் குரோமுக்கு 200க்கு மேல். இவ்வளவு விறைப்பான ஒன்றை எலும்புக்குள் செருகினால் சுமையை அதுவே வாங்கிக்கொள்ளும். எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, மெல்ல மெல்லக் கரைத்துவிடும். சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதியதன் மறுபக்கம் இது. ஸ்கேனில் தெரியும் வெளிச்சத்தை வைத்து எலும்பின் அடர்த்தியையும், அடர்த்தியை வைத்து விறைப்பையும் கணக்கிடுகிறோம். கார்ட்டரும் ஹேய்ஸும் 1977இல் சொன்னபடி விறைப்பு அடர்த்தியின் மூன்றாம் அடுக்கைப் பின்தொடர்கிறது. அதாவது அடர்த்தி பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. இந்த எட்டில் ஒரு பங்கு பிறகு எனக்குப் பாடம் கற்பித்தது.

அந்த நீலப் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்புப் படம் இருந்தது. முளையும் தட்டும் சேரும் மூலையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் ரத்தச் சிவப்பாக எரிந்தது. 180 மெகாபாஸ்கல். மெஷ், அதாவது அந்த நான்முகிகளின் வலை, பெரிதாக இருப்பதால்தான் என்று நினைத்து அந்த மூலையில் மட்டும் பொடிப்பொடியாக வெட்டினேன். 260 ஆனது. இன்னும் பொடியாக்கினேன். 390. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறேனோ அவ்வளவு மோசமாகிக்கொண்டே போனது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஆய்வகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இந்த மூலையை ஏன் கூரா விட்டிருக்கீங்க?” என்று கேட்டார். வேலை சுலபமாகட்டும் என்று நிஜத்தில் இருந்த சின்ன வளைவை நான்தான் நீக்கியிருந்தேன். உள்நோக்கிய கூர்மூலையில் தகைவுக்கு எல்லையே கிடையாது. மெஷ்ஷை எவ்வளவு சிறிதாக்கினாலும் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வளைவைத் திரும்பப் போட்டதும் 140இல் நின்றது. மெஷ்ஷை இன்னும் பாதியாக்கியும் அசையவில்லை.

அன்றைக்கு எனக்குப் பெரிய பெருமை. ஒரு எண் மெஷ்ஷைப் பொறுத்து மாறாமல் நிற்கும்வரை நம்பக் கூடாது என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டேன். இப்போது திரும்பிப் பார்க்கையில், அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று தோன்றுகிறது. சிவப்பைச் சந்தேகிக்கக் கற்றிருந்தேன். நீலத்தைச் சந்தேகிக்கக் கற்றிருக்கவில்லை.

டப்பாவுக்குள் வந்த துண்டு

எங்களோடு சேர்ந்து வேலை செய்கிற கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் உண்டு. இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம். அதிகம் பேச மாட்டார். என் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு நாள் மாலை வந்தார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கிருமிநீக்கம் செய்த ஒரு உலோகத் துண்டு. நான் எட்டு மாதம் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த அதே மாதிரித் தட்டு. அதை நிஜத்தில் கையில் வாங்கியது அன்றுதான் முதல் தடவை. எதிர்பார்த்ததைவிடச் சிறியது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் அகலம்.

“ஒரு அம்மாவுக்கு நாலு வருஷம் முன்னாடி வச்சது. போன வாரம் எடுத்துட்டேன். எங்க உடைஞ்சிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

பூதக்கண்ணாடியை எடுத்துவந்து விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முளையின் அடியில், ஸ்க்ரூ ஓட்டைகளின் விளிம்பில், என் படத்தில் மஞ்சளாக இருந்த அந்த வளைவில் எல்லாம் தேடினேன். ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. எலும்பு பிடிப்பதற்காகச் சொரசொரப்பாக்கிய அடிப்பக்கத்தில் சில இடங்களில் மட்டும் லேசான பளபளப்பு, எதிலோ தேய்ந்தது போல.

“எங்கயும் உடையலையே டாக்டர்.”

“ஆமா, உடையல. ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டினதும் தட்டு என் விரலோட வந்துருச்சு. சுத்தியல்கூடத் தேவைப்படல.” கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு என் அறிக்கையின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்தார். “இது உங்க படத்துல எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. உலோகம் நெளியுமா என்று கேட்டிருந்தேன். நெளியாது என்று மாதிரி சரியாகவே பதில் சொல்லியிருந்தது. அந்த அம்மாவின் கையில் உலோகம் நெளியவில்லைதான். எலும்பு அதை விட்டுவிட்டது.

ஒரே ஒரு வரி

இரண்டு பொருள்கள் தொடும் இடத்தில் அவை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். உரசலாம், சறுக்கலாம், விலகலாம் என்று சொல்லலாம். அல்லது இரண்டையும் ஒட்டிவை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒரே ஒரு வரி போதும். ஒட்டிவைத்தால் கணக்கு இருபது நிமிஷத்தில் முடியும். உரச விட்டால் எந்தப் புள்ளி தொடுகிறது, எது விலகுகிறது என்று ஒவ்வொரு அடியிலும் திரும்பத் திரும்பத் தேடி, நாள்கணக்கில் ஓடி, பாதி வழியில் விடை கூடிவராமல் நின்றும் போகும். அதனால் நிறைய பேர் ஒட்டிவைக்கிறார்கள். கட்டுரைகளில் அது ஒரு அரை வாக்கியமாக வரும், படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் எழுதியிருந்தேன், நானே தாண்டியும் போயிருந்தேன்.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். எலும்பும் உலோகமும் ஒட்டியிருப்பது என்பது அறுவை சிகிச்சை வெற்றிபெற்றுப் பல மாதங்கள் கழிந்த பிறகு இருக்கும் நிலை. பொருத்திய அன்று அப்படி இருக்காது. அன்றைக்கு இறுக்கமாகச் செருகியிருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே எவ்வளவு அசைவு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அசைவு 40, 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு சொரசொரப்புக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். 150ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதில் மெத்தென்ற நார்த்திசு வளரும், தட்டு கடைசிவரை ஆடிக்கொண்டே இருக்கும். 150 மைக்ரான் என்பது இரண்டு தலைமுடியின் கனம். ஒரு கையின் வருங்காலம் முதல் சில வாரங்களில் இரண்டு தலைமுடிக்குள் முடிவாகிவிடுகிறது. நானோ வெற்றியை முதலிலேயே உள்ளே எழுதிவைத்துவிட்டு, வெற்றி கிடைக்குமா என்று எட்டு மாதம் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மறுநாளே அந்த வரியை எடுத்தேன். உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துத் தொடங்கினேன். மூன்று வாரம் எதுவும் ஓடவில்லை. தட்டு எலும்பை விட்டு மிதந்து போனது, ஸ்க்ரூவின் மரைகள் எலும்புக்குள் புதைந்து போயின, கணக்கு நட்டநடு ராத்திரியில் நின்றது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஒருவழியாக ஓடியபோது வந்த முடிவு என்னைக் கொஞ்சம் ஏமாற்றியது. அசைவு 30 மைக்ரான்தான். மறுபடியும் எல்லாம் நீலம்.

இந்தத் தடவை நான் அந்த நீலத்தை நம்பவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “விசையை எங்க வச்சீங்க?”

தட்டின் நடுவில், செங்குத்தாகக் கீழ்நோக்கி, 100 நியூட்டன். பாடப்புத்தகத்தில் இருப்பது போல.

எழுந்திரிப்பது எப்படி

டாக்டர் என்னை வெளிநோயாளர் அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார். செயற்கை மணிக்கட்டு வைத்துக்கொள்கிறவர்களில் பலர் முடக்குவாதத்தால் மூட்டுகள் சிதைந்தவர்கள். வாழ்க்கையில் அவர்கள் கையைச் செங்குத்தாக எதன் மேலும் அழுத்துவதில்லை. ஈரத்துணியைப் பிழிகிறார்கள். மூடியைத் திருகுகிறார்கள். கதவின் குமிழைத் திருப்புகிறார்கள். வெறுமனே ஒரு பொருளை இறுக்கிப் பிடிப்பதுகூடச் சின்ன விஷயமில்லை. விரல்களை மடக்கும் தசைநாண்கள் எல்லாமே மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன, அதனால் பிடியின் விசையைப் போலப் பல மடங்கு மூட்டின் மேல் அமுங்குகிறது.

வயதான ஒரு அம்மா வந்திருந்தார். இன்னும் அறுவை சிகிச்சை ஆகவில்லை, அடுத்த மாதம் என்று நாள் குறித்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் கையால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “எந்திரிக்கிறதுக்கே கைதானேப்பா வேணும். முட்டி ரெண்டும் போயிருச்சே” என்றார். எப்படி என்று செய்து காட்டச் சொன்னேன். உள்ளங்கையை விரித்து ஊன்றவில்லை, அப்படி ஊன்றினால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். முஷ்டியை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை மட்டும் நாற்காலியின் கையில் வைத்து, உடம்பு எடையை அதன் மேல் சாய்த்து, ஒரு உந்து உந்தி எழுந்தார். எழுந்திரிக்கும்போது முன்கை கொஞ்சம் உள்பக்கம் திரும்பியது. முழுக்க முழுக்கப் பக்கவாட்டுச் சுமை, கூடவே ஒரு முறுக்கு. முட்டி கெட்டுப்போனால் மணிக்கட்டில் சுமை ஏறும் என்பதை நான் எந்த உள்ளீட்டுக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை.

அன்று மாலையே இரண்டு மாற்றங்கள் செய்தேன். விசையை நடுவிலிருந்து சுண்டுவிரல் பக்கம் நகர்த்தி முறுக்கைச் சேர்த்தேன். அதுவரை என் மாதிரியில் இருந்தது ஒரு ஆரோக்கியமான இளைஞரின் ஸ்கேன். கெட்டியான எலும்பு, படம் தெளிவாக இருந்ததால் தேர்ந்தெடுத்தது. முடக்குவாதத்தில் கரைந்த எலும்பு அப்படி இருக்காது. அடர்த்தியைப் பாதியாக்கினேன். விறைப்பு எட்டில் ஒரு பங்கானது.

முடிவு வந்தபோது உலோகத்தில் தகைவு முன்பைவிடப் பெரிதாக ஏறவில்லை. 800க்கு வெகு கீழேதான். முதல் அறிக்கையின் கண்ணால் பார்த்தால் இப்போதும் பத்திரம். ஆனால் அசைவின் படத்தை அசைவூட்டமாக ஓட்டினேன், இருநூறு மடங்கு பெரிதாக்கி. சுண்டுவிரல் பக்கம் அமுங்கும்போது தட்டின் எதிர் விளிம்பு எலும்பை விட்டுத் தூக்கியது. விசையை எடுத்ததும் திரும்ப உட்கார்ந்தது. காலொன்று குட்டையான நாற்காலி போல. ஹேமேட்டுக்குள் போகும் ஸ்க்ரூவைச் சுற்றி அசைவு 150ஐத் தாண்டியிருந்தது. டப்பாவில் வந்த தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேய்ந்து பளபளத்த இடங்களில் இரண்டு, தூக்கிய விளிம்பின் அடியில் இருந்தன. கை நடுங்கியது.

இந்தத் துறையில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ. 2018இல் வெளியிட்ட வி அண்ட் வி 40 என்ற தரநிலை, மருத்துவக் கருவிகளுக்கான கணினி மாதிரிகளை எந்த அளவு நம்பலாம் என்று மதிப்பிடுவதற்கானது. அது மெஷ்ஷிலிருந்து தொடங்குவதில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறாய், அந்தப் பதிலை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறாய், முடிவு தப்பானால் யாருக்கு என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அதை முன்பே படித்திருந்தேன். அப்போது அலுவலகப் படிவம் போலத்தான் இருந்தது. டப்பாவைப் பார்த்த பிறகு திரும்பப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி இருக்கிறது. என் கேள்வி, “தட்டு உடையுமா?” என்பது. அந்த அம்மாவின் கேள்வி, “நான் இதை ஊன்றி எழுந்திரிக்கலாமா?” என்பது.

இப்போதெல்லாம் என் அறிக்கையின் முதல் பக்கத்தில் வண்ணப்படம் வருவதில்லை. எதை எதோடு ஒட்டிவைத்திருக்கிறேன், விசையை எந்த அசைவிலிருந்து எடுத்தேன், எலும்பு யாருடையது என்ற விவரம்தான் வருகிறது. பார்க்க வறண்டு இருக்கிறது என்று சொல்கிறார்கள். இருக்கட்டும்.

இதை இங்கே முடிக்க நினைத்திருந்தேன். போன வாரம் டாக்டர் கூப்பிட்டார். இன்னொருவருக்குத் தட்டு தளர்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயைக் காட்டினார். “இந்தக் கறுப்புக் கோட்டைப் பாருங்க, முளையைச் சுத்தி, கேப்பிடேட்டுக்குள்ள. நீங்க ஹேமேட் ஸ்க்ரூதான் முதல்ல தளரும்னு சொன்னீங்க. உங்க புதுப் படத்துல இந்த இடம் நீலம்.”

கோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அதன் பக்கத்தில் இருந்தது கண்ணில் பட்டது. கேப்பிடேட்டுக்கும் ஹேமேட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தட்டைப் பொருத்தும்போது மிஞ்சிய எலும்புகளுக்கு நடுவே உள்ள குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு எலும்புத் துணுக்குகளை அடைப்பார்கள், எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக வேண்டும் என்பதற்காக. இவருக்கு அவை சேரவில்லை. ஹேமேட் தனியாக நகர்ந்திருக்கிறது, சுமையெல்லாம் நடு முளையின் மேல் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைத் திறந்து ‘ஒட்டிவை’ என்ற கட்டளையைத் தேடினேன். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இருந்தது போய்விட்டது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே நாலு வரிகள் அப்படியே இருந்தன. கேப்பிடேட்டும் ஹேமேட்டும் மூன்றாவது வரி. அதை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிட்டிருக்கிறேன். இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது.